கலைவாணரின் கணக்கு

தமிழ்த் திரைப்படங்களில் நகைச்சுவை நடிகருக்கெனத் தனி இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தை உருவாக்கித் தந்தவர்களுள் முதன்மையானவர் என். எஸ். கிருஷ்ணன். மக்கள் அவரைக் கலைவாணர் என்று அழைத்தனர். கதாநாயகனின் பெயரைப் பார்க்கும் முன்பே சுவரொட்டியில் அவருடைய பெயர் இருக்கிறதா என்று தேடிய காலம் ஒன்று இருந்தது. அவர் வாழ்ந்த காலம் 49 ஆண்டுகள்கூட நிறையவில்லை. அதற்குள் வறுமையிலிருந்து செல்வத்திற்கும், செல்வத்திலிருந்து சிறைக்கும், சிறையிலிருந்து மீண்டும் செல்வத்திற்கும், இறுதியில் கடனுக்கும் அவருடைய வாழ்க்கை சென்றது. பணம் அவருடைய கைக்கு வந்த கதையும், அது கையை விட்டுப் போன கதையும் ஒன்றாகச் சேர்ந்ததே அவருடைய வரலாறு.

கிருஷ்ணன் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார். தந்தையார் சுடலைமுத்து, தாயார் இசக்கியம்மாள். அக்காலத்தில் நாகர்கோவில் திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் இருந்தது. அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1956ஆம் ஆண்டில்தான். ஏழைக் குடும்பம், பிள்ளைகளும் பலர். கிருஷ்ணனின் பள்ளிப் படிப்பு தொடக்கப் பள்ளியோடு நின்று போனது. டென்னிஸ் மட்டைகளுக்கு நரம்பு கட்டும் வேலையைச் சிறிது காலம் செய்தார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். விற்பனை எப்படி இருந்ததோ, மேடையில் நடந்தவற்றை மட்டும் அந்தச் சிறுவன் ஒன்று விடாமல் பார்த்தான்.

அவருடைய முதற்கலை நாடகமன்று, வில்லுப்பாட்டு. தென் தமிழகத்துக் கோயில் கொடைவிழாக்களில் பாடப்படும் இக்கலையில், மணிகள் கட்டிய நீண்ட வில் ஒன்று குடத்தின் மீது சாய்த்து வைக்கப்படும். தலைமைப் பாடகர் இரண்டு கோல்களால் வில்லின் நாணைத் தட்டிக் கொண்டே கதையைப் பாடுவார். உடன் இருப்பவர்கள் உடுக்கை அடிப்பர், குடம் தட்டுவர், கதையின் ஒவ்வொரு வரிக்கும் ஆமாம் போடுவர். பாட்டு, பேச்சு, கேலி, விளக்கம் ஆகிய நான்கும் கலந்து வரும் கலை இது. எந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் சிரிக்கும், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் கூட்டம் கண் கலங்கும் என்பதை வில்லடிப்பவர் அறிந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் கிருஷ்ணன் திரையில் காட்டிய நிதானத்தின் வேர் இங்கேதான் இருந்தது.

அந்நாளில் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தும் குழுக்கள் ஊர் ஊராகச் சென்றன. அவற்றைப் பாய்ஸ் கம்பெனி என்பர். டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழு நாகர்கோவிலுக்கு வந்தபோது கிருஷ்ணன் அதில் சேர்ந்தார். குழுவில் உணவும் இடமும் உண்டு. கையில் கிடைக்கும் பணம் குறைவு. பாட்டு, நடனம், வசனம் எனப் பயிற்சி நாள் முழுவதும் நீளும். ஒருவருக்கு உடல்நலம் இல்லையென்றால் அவருடைய வேடத்தை மற்றொருவர் உடனே ஏற்க வேண்டும். கிருஷ்ணன் எந்த வேடத்தையும் ஏற்கக் கூடியவராக வளர்ந்தார். அக்குழுவின் தேசபக்தி என்னும் நாடகத்தில், காந்தியடிகளின் கதையை அவர் வில்லுப்பாட்டாகப் பாடினார். சாமி கதைகளை மட்டுமே பாடி வந்த வில், நாட்டு விடுதலையையும் பாடியது.

பேசும் படம் தமிழில் வந்தது 1931ஆம் ஆண்டில். அடுத்த சில ஆண்டுகளில் நாடகக் குழுக்கள் அப்படியே படப்பிடிப்புத் தளங்களுக்கு இடம் பெயர்ந்தன. டி. கே. எஸ். குழுவினர் நடித்த மேனகா 1935ஆம் ஆண்டில் வெளிவந்தது. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய சதிலீலாவதி 1936இல் வெளிவந்தது. இரண்டிலும் கிருஷ்ணன் நடித்தார். சதிலீலாவதியில் சிறு வேடம் ஒன்றில் அறிமுகமானவர், பின்னாளில் தமிழக முதலமைச்சரான எம். ஜி. இராமச்சந்திரன். மலேசிய மாணவர்களுக்கு அப்படம் மற்றொரு வகையிலும் நெருக்கமானது. அதன் கதாநாயகன் மதுவினால் நிலை தாழ்ந்து, ஊரை விட்டு ஓடி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறான். கடல் கடந்து தோட்டத்திற்குச் சென்ற தமிழர் வாழ்க்கை, தமிழ்ப் படங்களின் தொடக்கக் காலத்திலேயே திரைக்கு வந்துவிட்டது.

அதே ஆண்டில் வசந்தசேனா என்ற படத்திற்காகக் கிருஷ்ணன் பூனா நகருக்குச் சென்றார். அங்கே அவருடன் நடிக்க வந்தவர் டி. ஏ. மதுரம். திருச்சிராப்பள்ளிப் பகுதியைச் சேர்ந்த மதுரம் நன்றாகப் பாடுவார். பேச்சில் கிருஷ்ணனுக்குச் சற்றும் இளைத்தவர் அல்லர். கிருஷ்ணன் ஊரில் ஏற்கெனவே மணமானவர். எனினும் இருவரும் மணந்து கொண்டனர். அதன்பின் திரையில் கிருஷ்ணன் இருந்தால் மதுரமும் இருப்பார் என்பது வழக்கமாயிற்று. கணவன் ஓர் அறிவுரையை நீட்டி முழக்கிச் சொல்ல, மனைவி ஒரே கேள்வியில் அதைக் கவிழ்த்துவிடுவது அவர்களுடைய காட்சிகளில் அடிக்கடி வரும். கேள்வி கேட்பவர் பெண்ணாக இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1930களில் அது சிறிய செய்தியன்று.

இந்த இணையின் வருமானம் எவ்வாறு பெருகியது என்பதை அறிய, அக்காலப் படத்தொழிலின் முறையை அறிந்து கொள்ள வேண்டும். அன்றைய படங்கள் மிக நீளமானவை, பாடல்களும் மிகுதி. கதையோ பெரும்பாலும் மக்கள் முன்னரே அறிந்த புராணக் கதையாக இருக்கும். எனவே, இடையிடையே மக்களைச் சிரிக்க வைக்கத் தனிப் பகுதி ஒன்று தேவைப்பட்டது. கிருஷ்ணன் அப்பகுதியை முழுமையாகத் தம் பொறுப்பில் எடுத்துக் கொண்டார். சிரிப்புக் காட்சிக்கான கதையையும் வசனத்தையும் தாமே அமைத்தார். தமக்கென ஒரு நடிகர் குழுவை வைத்திருந்தார். உடுமலை நாராயணகவி போன்ற பாவலர்கள் அவருக்குப் பாடல் எழுதினர். படத்தின் இயக்குநர் ஒருவராக இருந்தாலும், சிரிப்புப் பகுதிக்கு ஏறக்குறைய கிருஷ்ணனே இயக்குநர். தயாரிப்பாளர்கள் ஒரு நடிகரை மட்டும் ஒப்பந்தம் செய்யவில்லை. ஆயத்தமாக இருந்த ஒரு முழுக் குழுவையே ஒப்பந்தம் செய்தனர். அசோகா பிலிம்ஸ் என்ற பெயரில் சொந்த நிறுவனமும் அவருக்கு இருந்தது. நடிப்புத் திறமையைத் தொழிலாக அமைத்து நடத்தத் தெரிந்தவர் அவர். ஏமாளி என்று அவரை எண்ணிவிடக் கூடாது.

அம்பிகாபதி, திருநீலகண்டர், சகுந்தலை, உத்தமபுத்திரன், கண்ணகி, மங்கம்மா சபதம் என 1937ஆம் ஆண்டு தொடங்கிப் படங்கள் வரிசையாக வந்தன. புராணப் படத்திற்குள்ளேயும் அவர் அன்றைய காலத்தைக் கொண்டு வந்தார். மூடநம்பிக்கை, சாதிச் செருக்கு, வீண் ஆடம்பரம், கள் ஆகியவை அவருடைய கேலிக்கு ஆளாயின. ஆனால், ஊனமுற்றோரையோ ஏழைகளையோ இழிவுபடுத்திச் சிரிப்பூட்டும் வழக்கம் அவரிடம் இல்லை. உடல் குறையைக் காட்டிக் கைத்தட்டல் வாங்குவது மிக எளிது. அவர் அந்த எளிய வழியை நாடவில்லை.

பேராக் மாநிலத்தில் பீடோர், தாப்பா, சுங்காய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், தமிழ்ப் படம் பார்ப்பது தோட்ட மக்களின் பெரிய பொழுதுபோக்காக இருந்தது. பட்டணத்துக் கொட்டகைக்குச் செல்வோர் சிலர். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டும் நாளுக்குக் காத்திருப்போர் பலர். லயத்து வீடுகளிலிருந்து பாயும் சாக்கும் எடுத்துச் சென்று தரையில் விரித்து உட்காருவர். மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள். கதாநாயகனின் செந்தமிழ் வசனத்தைவிட, பேச்சுத் தமிழில் வந்த சிரிப்புக் காட்சி அவர்களுக்கு விரைவில் மனப்பாடமாகியதில் வியப்பில்லை.

1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஹரிதாஸ் என்ற படம் வெளிவந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் கதாநாயகன். சிரிப்புக்குக் கிருஷ்ணனும் மதுரமும். சென்னை பிராட்வே திரையரங்கில் அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்தப் பெரு வெற்றியைக் காண இரு நடிகர்களும் வெளியில் இல்லை.

சென்னையில் இலட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் நடிகர்களின் தனி வாழ்க்கையைப் பற்றி அவதூறாக எழுதி வந்தார். 1944 நவம்பர் 8ஆம் நாள் வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். இக்கொலைக்குச் சதி செய்ததாகப் பாகவதரும் கிருஷ்ணனும் டிசம்பரில் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடு தள்ளுபடியானது. எஞ்சியிருந்தது ஒரே வழி. இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில். பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் உச்ச முறையீட்டு மன்றம் அது. மலாயாவின் வழக்குகளும் அங்கேதான் சென்றன. மலேசியாவிலிருந்து செல்லும் முறையீடுகள் 1985ஆம் ஆண்டில்தான் முற்றிலும் நின்றன.

பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால் இருந்த மன்றத்தில் வழக்கு நடத்த எவ்வளவு பணம் வேண்டும்? அதைத் திரட்டும் பொறுப்பு மதுரத்தின் தலையில் விழுந்தது. கணவர் சம்பாதித்த காலத்தில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. மதுரம் நகைகளையும் சொத்துகளையும் விற்றார். அதுவும் போதாமல், எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு கணவர் பெயரிலேயே நாடகக் குழு ஒன்றை நடத்தினார். பைத்தியக்காரன் என்ற நாடகத்தை அக்குழு மேடையேற்றியது. கணவர் சிறையில் இருக்கும்போது மேடையில் மக்களைச் சிரிக்க வைக்க வேண்டிய நிலை. கிருஷ்ணனின் கொடையைப் புகழ்ந்து பேசுவோர், அக்கொடைக்கு விலை கொடுத்தவர்களுள் மதுரமும் ஒருவர் என்பதைச் சேர்த்துச் சொல்வது நியாயம்.

பிரிவி கவுன்சில், வழக்கை மீண்டும் விசாரிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்திற்கே அனுப்பி வைத்தது. 1947 ஏப்ரல் மாதம் நீதிபதிகள் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தனர். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன. பாகவதரால் பழைய நிலைக்கு மீள முடியவில்லை. விடுதலைக்குப்பின் அவர் நடித்த படங்கள் முன்போல் ஓடவில்லை. 1959இல் அவர் மறைந்தார். கிருஷ்ணன் வேறு வகை மனிதர். சிறையிலிருந்து வந்தவுடன் பைத்தியக்காரன் திரைப்படத்தில் நடித்தார். எஸ். எஸ். வாசன் பெரும் பொருட்செலவில் எடுத்துக் கொண்டிருந்த சந்திரலேகாவில் அவருக்காகவே காட்சிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. அப்படம் 1948இல் வெளிவந்து இந்தியா முழுவதும் ஓடியது. தமிழ் நாடகத்தின் தந்தை எனப் போற்றப்படும் பம்மல் சம்பந்த முதலியார் கிருஷ்ணனுக்குக் கலைவாணர் என்னும் பட்டத்தை வழங்கியதும் 1947ஆம் ஆண்டில்தான்.

1949இல் வெளிவந்த நல்லதம்பி, அவருடைய வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்கத்தக்க படம். கதை வசனம் எழுதியவர் அறிஞர் அண்ணா. திரைக்கென அவர் எழுதி வெளிவந்த முதற்படம் இதுவே. எளிய மனிதன் ஒருவனுக்கு எதிர்பாராத வகையில் ஜமீன் சொத்து வந்து சேருகிறது. அவன் அதைத் தனக்கென வைத்துக் கொள்ளாமல் ஏழைகளின் நலனுக்குப் பயன்படுத்த முனைகிறான். அவ்வேடத்தை ஏற்றவர் கிருஷ்ணன். நடிப்பதற்கு அவர் அதிகம் சிரமப்பட்டிருக்க மாட்டார்! அப்படத்தில் கிந்தனார் என்னும் காலட்சேபம் ஒன்று உண்டு. நந்தனார் சரித்திரத்தைப் போன்ற அமைப்பில், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒரு சிறுவன் சிதம்பரத்திற்கு மாறாகப் பட்டணத்துப் பள்ளிக்கு ஏங்குகிறான். இரயிலேறிச் சென்று படித்து முன்னேறுகிறான். மற்றொரு பாடலில், விசையைத் தட்டினால் உணவு வந்து நிற்கும் அறிவியல் காலத்தைக் கணவனும் மனைவியும் கற்பனை செய்து மகிழ்கின்றனர். இன்று தானியங்கி இயந்திரத்தில் காசு போட்டுப் பானம் எடுக்கும் மாணவர்களுக்கு அது பெரிய வியப்பாகத் தோன்றாது. 1949இல் அதைக் கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நல்லதம்பியின் மற்றொரு பொருள் மதுவிலக்கு. சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்திருந்த நேரம் அது. மலாயாவிலோ தோட்டத்திற்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்தது. வாங்கிய கூலியில் ஒரு பகுதி அங்கேயே போய்ச் சேர்ந்தது. 1947இல் கெடா மாநிலத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்து அடக்குமுறைக்கு ஆளாகியிருந்தனர். போராட்டக்காரர்கள் சொல்லி அடிபட்ட அதே கருத்தை, அடுத்த இரண்டாண்டுகளில் ஒரு நகைச்சுவை நடிகர் பாட்டும் சிரிப்புமாகத் திரையில் சொன்னார்.

பின்னர் அவரே படங்களை இயக்கவும் செய்தார். 1951இல் மணமகள் வெளிவந்தது. நாட்டியக் கலைஞர் பத்மினி தமிழில் கதாநாயகியாக உயர்ந்தது அப்படத்தில்தான். 1952இல் சிவாஜி கணேசன் நடித்த பணம் என்ற படத்தை இயக்கினார். வரதட்சணைக் கொடுமையைப் பேசிய அப்படத்தில், விசுவநாதன், இராமமூர்த்தி என்ற இரு இளைஞர்களை இரட்டை இசையமைப்பாளர்களாக அறிமுகப்படுத்தினார். அந்த இணை அடுத்த பல ஆண்டுகள் தமிழ்த் திரையிசையை ஆண்டது. 1951இல் சோவியத் ஒன்றியத்திற்குச் சென்ற கலைக்குழுவிலும் அவர் இடம் பெற்றார். 1955இல் வந்த முதல் தேதி படத்தில், மாதத்தின் முதல் இருபது நாள் கொண்டாட்டத்தையும் கடைசிப் பத்து நாள் திண்டாட்டத்தையும் பாடி நடித்தார். சம்பள நாளன்று கடைக்கணக்கு கழிந்தபின் மீதியை எண்ணிப் பார்த்த தோட்டத் தொழிலாளிக்கு அப்பாடலை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு வந்த ராஜா ராணியில், சிரிப்பின் வகைகளைச் சிரித்தே காட்டினார். இன்றும் பள்ளி மேடைகளில் மாணவர்கள் அதைச் செய்து பார்க்கின்றனர். மூச்சு நிற்பதற்குள் பெரும்பாலோர் நிறுத்தி விடுகின்றனர்.

இவ்வளவு சம்பாதித்தவரின் பணம் எங்கே போனது?

அவருடைய கொடையைப் பற்றி மக்கள் சொல்லும் கதைகள் பல. ஒரு முறை வருமான வரி அதிகாரி ஒருவர் அவருடைய கணக்கைப் பார்த்தாராம். வரவு இருந்தது, செலவுப் பகுதியில் தருமம் என்ற சொல்லே மீண்டும் மீண்டும் இருந்தது. இரசீது ஒன்றுகூட இல்லை. வரி ஏய்ப்பு என்று ஐயுற்ற அதிகாரி, வேறொருவரைப் போல வந்து மகளின் திருமணத்திற்கு உதவி கேட்டார். கிருஷ்ணன் யார், எவர் என்று விசாரிக்காமல் பணம் கொடுக்க முன்வந்தார். அதிகாரி தம்மை வெளிப்படுத்திக் கொண்டு, இனி இவரிடம் இரசீது கேட்பதில் பொருளில்லை என்று திரும்பினாராம். இன்னொரு கதையில், இரவில் வீட்டிற்குள் புகுந்த திருடன் பிடிபடுகிறான். அவனைப் பழைய நாடக நண்பன் என்று மதுரத்திடம் அறிமுகம் செய்து, உணவளித்து, கையில் பணமும் கொடுத்து அனுப்புகிறார் கிருஷ்ணன். இக்கதைகள் வாய்வழியாக வளர்ந்தவை. சொல்பவருக்குச் சொல்பவர் சிறிது மாறும். அவற்றிற்கு அடிப்படையாக இருந்த பழக்கத்தில் மட்டும் மாற்றமில்லை. நலிந்த கலைஞர், திருமணத்திற்குப் பணமில்லாத தகப்பன், கல்விக் கட்டணம் கட்ட முடியாத மாணவன் என யார் வந்தாலும் அவர் மறுத்ததாகத் தெரியவில்லை. காந்தியடிகள் மறைந்தபின், நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் அவருக்கு நினைவுத்தூண் எழுப்பியதும் கிருஷ்ணனின் சொந்தப் பணத்தில்தான்.

பணத்தைத் தவிர வாய்ப்பையும் அவர் கொடுத்தார். திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரைச் சென்னைக்கு அழைத்து வந்தார். அவர் பின்னாளில் வில்லுப்பாட்டையே தம் வாழ்க்கையாக்கிக் கொண்டார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று மறுஆண்டு மறைந்தார். எம். ஜி. இராமச்சந்திரனும் கிருஷ்ணனைத் தம் வழிகாட்டியாகக் கருதியவர். இவ்வகைக் கொடைக்கு எந்த ஏட்டிலும் கணக்கு எழுத முடியாது.

ஆயினும் கொடுப்பதற்கும் ஒரு கணக்கு வேண்டும் என்று அவரை அறிந்தவர்கள் கவலைப்பட்டனர். வழக்கில் கரைந்த செல்வம் முழுமையாகத் திரும்பி வரவில்லை. படத் தயாரிப்பு இலாபமும் தரும், இழப்பும் தரும். வருமானம் ஏறும்போது கை நீண்டது போலவே, வருமானம் இறங்கிய போதும் அவருடைய கை நீண்டது. 1950களின் நடுவில் கடன் சேர்ந்தது. உடலும் தளர்ந்தது. அப்படியிருந்தும் 1957ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நண்பர் அண்ணாவுக்காகக் காஞ்சிபுரத்தில் மேடையேறினார். அண்ணாவை எதிர்த்து நின்றவர் ஒரு மருத்துவர். கிருஷ்ணன் அந்த மருத்துவரின் திறமையையும் நற்குணத்தையும் நெடுநேரம் புகழ்ந்தாராம். கூட்டத்தினர் குழம்பி நின்றனர். இத்தகைய நல்ல மருத்துவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பிவிட்டால் ஊரில் நோயாளிகளை யார் பார்ப்பது என்று கேட்டு, அவரை ஊரிலேயே வைத்துக் கொண்டு அண்ணாவை அனுப்பும்படி முடித்தார். எதிரியைக்கூடப் புண்படுத்தாத நகைச்சுவைக்கு இன்றளவும் காட்டப்படும் எடுத்துக்காட்டு இது.

அதன்பின் சில மாதங்களில் அவர் சென்னைப் பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பார்க்க வந்த எம். ஜி. இராமச்சந்திரன் தலையணைக்கு அடியில் பணக்கட்டை வைத்துவிட்டுச் செல்வதுண்டு என்பர். அதைக் கண்டுகொண்ட கிருஷ்ணன், கொடுப்பதைச் சில்லறையாக மாற்றிக் கொடுத்தால் சுற்றியிருப்பவர்களுக்குப் பகிர்ந்தளிக்க வசதியாக இருக்கும் என்று கேட்டாராம். திருமண உதவி கேட்டு வந்த ஒருவருக்கு, கொடுக்கப் பணமில்லாததால் பக்கத்திலிருந்த வெள்ளிக் கூஜாவை எடுத்துக் கொடுத்த கதையும் அந்நாள்களைப் பற்றியதே. 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் கிருஷ்ணன் காலமானார். இருபது ஆண்டுகளுக்கு முன் அம்பிகாபதியில் நடித்தவர், அதே கதையைச் சிவாஜி கணேசன் நடிக்க மீண்டும் எடுத்தபோது அதிலும் நடித்திருந்தார். அப்படம் திரைக்கு வந்தபோது அவர் உயிருடன் இல்லை.

சென்னை தியாகராய நகரில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. 1969 ஜனவரி 14ஆம் நாள் அதைத் திறந்து வைத்தவர் அன்றைய முதலமைச்சர் அண்ணா. கடும் நோயுற்றிருந்த அண்ணா கலந்து கொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது. மூன்று வாரங்களுக்குள் அவரும் மறைந்தார். சென்னை வாலாஜா சாலையிலிருந்த பாலர் அரங்கம் பின்னர் கலைவாணர் அரங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

சிலையும் அரங்கமும் வருவதற்கு முன் கடன்காரர்கள் வந்தனர். செல்வம் கொழித்த நாளில் கிருஷ்ணன் ஒழுகினசேரியில் ஒரு வீடு கட்டி, மனைவியின் பெயரால் மதுரபவனம் என்று அதற்குப் பெயரிட்டிருந்தார். தின்பண்டம் விற்ற சிறுவன் தன் சொந்த ஊரில் எழுப்பிய வீடு அது. அவர் மறைந்தபின் அவ்வீடு கடனுக்காக ஏலத்திற்கு வந்தது. அதை ஏலத்திலிருந்து மீட்டு, மீண்டும் அக்குடும்பத்தின் கையிலேயே ஒப்படைத்தவர் எம். ஜி. இராமச்சந்திரன். மதுரம் 1974ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.